அம்மாவின் நாலு கண்ணாடி

இரண்டு கோப்பைத் தேநீரில் போட்டுக் கலக்கிய பிறகுதான் அது உப்பு என்று கண்ணாடிக்காரிக்குத் தெரிந்தது. சர்க்கரை எப்போதும் இருக்கும் இடத்திலிருந்துதான் டப்பாவை எடுத்திருந்தாள். தேநீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு, அலமாரியிலிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கி மேசைமேல் வைத்தாள். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறத்து மூடி. ஆனால் ஒவ்வொன்றின் கழுத்திலும் ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. உப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, தேயிலைக்கு மூன்று. மாத்திரை பாட்டில்களுக்கும் அப்படியே. அடுப்பின் திருகில் யாரோ ஒரு சொட்டுப் பசையை வைத்துக் காயவிட்டிருந்தார்கள். விரலால் தடவினால் பரு மாதிரி நெருடியது.

முன்னறையில் அம்மா சவப்பெட்டிக்குள் இருந்தாள். பதினோரு மணிக்குக் கோயிலில் அடக்க ஆராதனை. அதற்குள் வந்து போகிறவர்களுக்கு ஒரு வாய் தேநீராவது கொடுக்கலாம் என்றுதான் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தும் மகள் சமையலறைக்குள் வந்தாள். வந்த இடத்தில் இப்படி.

அண்ணன் வாசலில் வந்து நின்றான். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றும் வண்டி அவனுடையது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் எது கனம், எது உடையும் என்று அவன் கண் தானாக அளக்கும்.

"என்ன இது, கடை பரப்பியிருக்க?"

"எல்லாத்துலயும் ரப்பர் பேண்ட் மாட்டியிருக்கு. அம்மா இப்படியெல்லாம் பண்ண மாட்டாளே."

"அம்மா பண்ணல. அவன் பண்ணியிருக்கான்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நான் எத்தனை வீடு பார்த்திருக்கேன். எது எங்க இருக்குன்னு முதல்ல அடையாளம் போட்டு வச்சுப்பானுங்க. அப்புறம்தான் கை வைப்பானுங்க."

"உப்பு டப்பாவுக்கா அடையாளம்?"

"ஆரம்பம் அப்படித்தான் இருக்கும்."

அவன் என்று அண்ணன் சொன்னது பஸ் நிறுத்தத்து ஆளை. தெருமுனை நிழற்குடைதான் அவனுக்கு வீடு, வாசல், விலாசம் எல்லாம். இரண்டு மூட்டை, ஒரு போர்வை, காலுக்குப் பொருந்தாத பூட்ஸ். அண்ணன் அவனுக்கு நிழற்குடைக்காரன் என்று பட்டம் கட்டியிருந்தான். சபையிலிருந்து புதன்கிழமைதோறும் தெருவில் இருப்பவர்களுக்கு ரொட்டி கொடுக்கப் போவார்கள். மற்றவர்கள் கொடுத்தோமா, ஒரு ஜெபத்தைச் சொன்னோமா என்று திரும்பிவிடுவார்கள். அம்மா மட்டும் அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். புதன் போய் தினமும் ஆனது. பிறகு அவன் வீட்டுக்கே வர ஆரம்பித்தான். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்காரி சொல்லாமல் வந்து நின்றபோது, அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து அவன் சூப் குடித்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு அம்மாவோடு நன்றாகச் சண்டை போட்டாள். ஊர் கெட்டுக் கிடக்கிறது, நீ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்றாள்.

"ஆண்டவர் வந்தா, மணி அடிச்சு, அடையாள அட்டையைக் காட்டிட்டுத்தான் உள்ள வருவார்னு நெனைக்கிறியா?" என்றாள் அம்மா.

அம்மா தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். வாயில் பதில் எப்போதும் தயாராக இருக்கும். ஆனால் அதைச் சொன்னபோது அவள் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, காதைப் பார்த்துச் சொன்னாள். கொஞ்ச காலமாகவே அப்படித்தான். நேராகப் பார்த்துப் பேசுவதே இல்லை. எதையோ மறைக்கிறாள் என்று கண்ணாடிக்காரி மனத்தில் குறித்துவைத்தாள். கடையில் இருபது வருடமாக ஆட்களின் கண்ணைப் பார்த்துப் பிழைக்கிறவளுக்கு அது கூடவா தெரியாது?

நேற்றுக் காலை அம்மாவை முதலில் பார்த்ததும் அவன்தான். தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து உள்ளே போயிருக்கிறான். அம்மா நாற்காலியில் சாய்ந்தபடி இருந்திருக்கிறாள். ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறான். மாரடைப்பு, தூக்கத்திலேயே போயிருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. ஆனால் பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரிடமும் இல்லாத சாவி அவனிடம் எப்படி வந்தது? நேற்றிலிருந்து அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றி இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணாடி கிடைச்சுதா?" என்றான் அண்ணன்.

"இல்ல. பீரோ, தலையணை அடி, குளியலறை எல்லாம் பார்த்துட்டேன். ஒண்ணுகூட இல்ல."

நாலு கண்ணாடி. வருடத்துக்கு ஒன்றாக, ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளே சோதித்து, அவளே சட்டம் பொறுக்கி, அவளே வில்லை தேய்த்துப் பொருத்திக் கொடுத்தது. கடைசியாகக் கொடுத்தது மெல்லிய தங்க நிறக் கம்பிச் சட்டம். கடையில் இருந்ததிலேயே நல்லது அதுதான். அதை அம்மாவின் முகத்தில் மாட்டித்தான் பெட்டியை மூட வேண்டும் என்று நேற்றே முடிவு செய்திருந்தாள். கண்ணாடி இல்லாத அம்மா வேறு யாரோ மாதிரி இருந்தாள். மூக்கின் இரு பக்கமும் பதிந்த தடம்கூட மங்கிப்போயிருந்தது.

"மத்தது எதுவும் போகல. மோதிரம் இருக்கு, ரேடியோ இருக்கு. கண்ணாடி மட்டும் எதுக்குண்ணா?"

"விக்கிறதுக்குத்தான். சட்டம் நல்ல சட்டம்னு நீயே சொல்லுவியே."

பத்து மணிக்குப் போதகர் வந்தார். ஜெபித்து முடித்ததும் அண்ணனையும் தங்கையையும் தனியாக அழைத்து, சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். சங்கடப்படுகிறார் என்று பார்த்தாலே தெரிந்தது.

"அம்மா ரெண்டு மாசம் முன்னாடி கொடுத்தாங்க. அடக்க ஆராதனைக்குன்னு சொன்னாங்க."

கோடு போட்ட தாள். மூன்றே விஷயம். பாட்டு அவளுக்குப் பிடித்த இரண்டு போதும். பிரசங்கம் கால் மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். முன்பெஞ்சில், பெட்டிக்குப் பக்கத்தில், பஸ் நிறுத்தத்துத் தம்பி உட்கார வேண்டும்.

"இது அம்மா எழுத்தே இல்ல" என்றாள் கண்ணாடிக்காரி.

எழுத்து அச்சடித்த மாதிரி நிதானமாக இருந்தது. கீழே கையெழுத்து மட்டும் அம்மாவுடையது போல இருந்தது. அதுவும் கோட்டில் உட்காராமல், மேலேறி, கடைசி வரியின்மேலேயே விழுந்து கிடந்தது. கையைப் பிடித்துப் போட வைத்த மாதிரி.

"அவங்கதான் கையில கொண்டு வந்து கொடுத்தாங்க" என்றார் போதகர்.

"தனியாவா வந்தாங்க?"

போதகர் ஒரு கணம் யோசித்தார். "அந்தத் தம்பியோடதான்."

அண்ணன் தங்கையைப் பார்த்த பார்வையில் வேறு பேச்சு தேவைப்படவில்லை. போதகர் போனதும் சொன்னான்: "ஆராதனை முடியட்டும். ஸ்டேஷன்ல எனக்குத் தெரிஞ்சவர் இருக்கார், வாசலுக்கு வரச் சொல்லியிருக்கேன். கண்ணாடி அவன்கிட்ட இருந்தா, அது உன் கடைக் கண்ணாடின்னு நீ ஒரு வார்த்தை சொன்னா போதும். மத்ததை அவங்க பார்த்துப்பாங்க."

"சொல்றேன்" என்றாள்.

கோயிலில் பெட்டியைப் பீடத்துக்கு முன்னால் இறக்கி, மூடியைத் திறந்து வைத்தார்கள். ஆராதனைக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. நடுப்பாதையில் பூச்சாடியைப் பிடித்துக்கொண்டு திரும்பிய கண்ணாடிக்காரி அப்படியே நின்றாள்.

அவன் வந்துவிட்டான். முன்பெஞ்சின் ஓரத்தில், பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். முகம் மழித்திருந்தான். யாரோ கொடுத்த கோட்டில் கை நீளம் பற்றவில்லை. அவன் மூக்கின்மேல், வலப்பக்கம் சற்றுத் தூக்கிக்கொண்டு, தங்க நிறக் கம்பிச் சட்டம்.

செத்தவளின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செத்தவள் பக்கத்திலேயே வந்து உட்கார எவ்வளவு துணிச்சல் இருக்க வேண்டும். கண்ணாடிக்காரிக்குக் காது சுட்டது. வாசலில் நின்ற அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவனும் பார்த்துவிட்டான். தாடையை ஒருமுறை அசைத்தான். இருக்கட்டும், முடியட்டும் என்று அர்த்தம்.

ஆனால் அந்த ஆள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பெட்டியின் பக்கம் குனிந்து, உதடு அசைய, ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். நிமிர்ந்து வாசலைப் பார்ப்பான், மறுபடி குனிவான். ஜெபம் என்றால் கண்ணை மூடுவார்கள். இவன் வருகிறவர்களை ஒவ்வொருவராக எடை போட்டுக்கொண்டிருந்தான். மந்திரமா, மன்னிப்பா, இல்லை அம்மாவிடம் இன்னும் ஏதாவது வாங்க வேண்டியிருக்கிறதா? பூவைச் சரி செய்கிற சாக்கில் அவள் பின்பக்கமாகப் போய் நின்றாள்.

"... டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல உங்க பக்கத்து சீட்டு அம்மா வந்திருக்காங்க அக்கா. அதே குடை. முழங்கால் இன்னும் சரியாகல போல, பெஞ்சைப் பிடிச்சுப் பிடிச்சு வர்றாங்க. பின்னாடி மருந்துக்கடைக்காரர், தனியாத்தான். போதகர் புது ஷூ போட்டிருக்கார், கடிக்குது போல, நொண்டுறார். உங்க பையன் வாசல்ல நிக்கிறார். கறுப்புக் கோட்டு. என்னையேதான் பார்க்கிறார்..."

"யார்கிட்ட பேசுற நீ?"

அவன் திடுக்கிட்டு எழுந்தான். "மன்னிச்சுக்கங்கம்மா. பழக்கதோஷம்."

"என்ன பழக்கம்?"

"ஞாயித்துக்கிழமை பெஞ்சுல உட்கார்ந்ததும் இப்படித்தான் சொல்லுவேன். யார் யார் வர்றாங்க, எந்தப் பக்கம் நிக்கிறாங்கன்னு. அப்பதான் அக்கா சரியா திரும்பி, பேர் சொல்லி விசாரிப்பாங்க."

"நீ எதுக்கு சொல்லணும்? எங்கம்மாவுக்குக் கண்ணு இல்லையா?"

அவளைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். திருடன் பார்வை எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கடையில் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறாள். இது அது இல்லை. ரகசியம் ஒன்றைக் காப்பாற்றுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, கேட்டவள் போன பிறகு அது இன்னும் செல்லுமா என்று தெரியாமல் நிற்கிறவனின் முகம்.

பூச்சாடியைக் கீழே வைத்தாள். விரல் நுனியில் அடுப்புத் திருகின் நெருடல் இன்னும் இருக்கிற மாதிரி இருந்தது. தடவிப் பார்த்தால் தெரிகிற பசை, தடவிப் பார்த்தால் தெரிகிற ரப்பர் பேண்ட். கோட்டைவிட்டு மேலேறிய கையெழுத்து. முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்த பார்வை. கண்ணின் நடுப்பகுதி செத்துப்போனவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள், ஓரத்தால். வெளியாள் ஒருவர் அப்படிப் பார்த்துக்கொண்டு கடைக்குள் வந்திருந்தால், உட்காருவதற்குள் சொல்லியிருப்பாள்.

"இல்ல" என்றாள். "போன பிறந்தநாளுக்கு நான் சோதிச்சேன். எல்லா வரிசையும் படிச்சா. ஒரு எழுத்து தப்பு விடல."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். வேதபாடம் ஒப்பிக்கிற குழந்தை மாதிரி மெதுவாகச் சொன்னான்.

"ட. ப, ர. ம, ந, வ. க, ய, ல, ச..."

எட்டு வரிசையையும் சொன்னான். ஒரு எழுத்து தப்பவில்லை.

அப்போதுதான் அவளுக்கு அந்த முகம் ஞாபகம் வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், கடையின் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே ஒருவன் நாலைந்து நாள் விடாமல் நின்றான். உள்ளேயே உற்றுப் பார்ப்பதும், பழைய பஸ் டிக்கெட்டின் பின்னால் எதையோ குறிப்பதுமாக இருந்தான். நோட்டம் பார்க்கிறான் என்று துடைப்பக் கட்டையை எடுத்துக்கொண்டு போய் விரட்டினாள். அன்று சாயங்காலமே கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டாள். உள்ளே எதிர்ச்சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது எழுத்து அட்டை.

வண்டி உரிமத்துக்குக் கண் சான்றிதழ் வாங்க வரும் லாரிக்காரர்கள் அட்டையை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். அதற்கென்றே கடையில் வேறு எழுத்துகளோடு இன்னொரு அட்டை வைத்திருந்தாள். ஆளைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் சட்டென்று மாற்றித் தொங்கவிடுவாள். அதில் அவளுக்கு ஊரில் பெயர் உண்டு. அம்மாவுக்கு எதற்கு என்று ஒரு தடவைகூட மாற்றியதில்லை.

"எவ்வளவு நாளா?"

"நடுவுல சுத்தமா தெரியாம போய் மூணு வருஷம் ஆச்சு. பெரியாஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். கண்ணாடி போட்டாலும் பிரயோஜனம் இல்லன்னுட்டாங்க."

"எங்ககிட்ட சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"நான் சொல்லச் சொன்னேன்மா. பிள்ளைங்க ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டைக் காலி பண்ணிடுவாங்கன்னு சொன்னாங்க. உங்க அண்ணன்கிட்ட வண்டி வேற தயாரா இருக்குன்னு சிரிச்சாங்க. அப்புறம் இன்னொண்ணும் சொல்லுவாங்க. கண்ணாடிக்காரியோட அம்மாவுக்கே கண்ணு தெரியலன்னா, அவ கடைக்கு யாரு வருவான்னு."

கண்ணாடிக்காரிக்குப் பொறாமையாக இருந்தது. அழுகைக்கு முன்னால் வந்தது அதுதான். அம்மாவின் சிரிப்பு, அம்மாவின் பயம், ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா காத்திருந்த நேரம் எல்லாம் இந்தப் பொருந்தாத பூட்ஸ்காரனிடம் இருக்கிறது. அவளிடம் இருப்பது வருடத்துக்கு ஒன்றாக நாலு ரசீது.

"உன்னை எப்படி நம்பினா?" கேட்ட பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று தெரிந்தது. ஆனால் அவன் கோபித்துக்கொள்ளவில்லை.

"நான்தான்மா அவங்களை நம்பல. ரொட்டி கொடுத்து ஜெபம் பண்றவங்களை நெறைய பார்த்திருக்கேன். எதுக்கோ அடி போடுறாங்கன்னு நாலு மாசம் வாயே திறக்கல. ஒருநாள் பக்கத்துல உட்கார்ந்துட்டு, தம்பி, வர்ற பஸ் எந்த நம்பர்னு கேட்டாங்க. எனக்கு எல்லாரும் கொடுத்துத்தான் பழக்கம்மா. அதுவரைக்கும் யாரும் என்கிட்ட எதுவும் கேட்டதில்ல." மூக்கிலிருந்து நழுவிய கண்ணாடியை மேலே தள்ளினான். "இது எனக்கு எழுத்து நல்லா தெரிஞ்சுது. சாயங்காலம் போட்டுட்டு வேதம் வாசிச்சுக் காட்டுவேன். உங்க வண்டிச் சத்தம் கேட்டா கழட்டிக் கொடுத்துடுவேன், அக்கா மாட்டிப்பாங்க. நான் பின்வாசல் வழியா போயிடுவேன். மத்த மூணும் நிழற்குடையில மூணு பேர்கிட்ட இருக்கு. ஒருத்தர் அதைப் போட்டுத்தான் செருப்புத் தைக்கிறார். முந்தாநாள் வாசிச்சு முடிச்சதும் அக்கா தூங்கிட்டாங்கன்னு நெனச்சு, அப்படியே போட்டுட்டுப் போயிட்டேன். திருப்பிக் கொடுக்கத்தான் காலையில வந்தேன்."

ஒவ்வொரு முறை வரும்போதும் அம்மாவின் கண்ணாடி அகண்டு போயிருக்கும். "யார் தலையில மாட்டுறம்மா இதை?" என்று கடிந்துகொண்டே காதுக்கம்பியை உள்ளே வளைத்து, அம்மாவின் சின்னத் தலைக்குச் சரியாகப் பொருத்திவிட்டுப் போவாள். அம்மா வேறெங்கோ பார்த்துச் சிரிப்பாள்.

அண்ணன் நடுப்பாதையில் வந்துகொண்டிருந்தான். பொறுமை போய்விட்டது என்று நடையே சொன்னது. அவனுக்குப் பின்னால், வாசலருகே, தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒருவர் நின்றிருந்தார்.

"அதுதானே?" என்றான் அண்ணன், அந்த ஆளின் முகத்தைக் காட்டி. "உன் கடை தானே?"

"என் கடைதான்" என்றாள்.

கை நீட்டி அவன் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள். அவன் தடுக்கவில்லை. தலையை மட்டும் தாழ்த்திக் கொடுத்தான். அண்ணன் திரும்பி வாசலை நோக்கிக் கையைத் தூக்கப் போனான்.

"இருண்ணா."

கைப்பையிலிருந்து துணியை எடுத்து இரண்டு வில்லையையும் துடைத்தாள். தன் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, அதை மேலே தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். வலது காதுக்கம்பி கோணியிருந்தது. அதைக் கட்டைவிரலால் நீவி நேராக்கினாள். பிறகு இரண்டு கம்பிகளையும் வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக, அகற்றினாள். அம்மாவின் தலைக்கு இனி அது நிற்காது. அவன் முகத்தில் திரும்ப மாட்டி, காதுக்குப் பின்னால் விரல் விட்டு அழுத்தம் பார்த்தாள். மூக்கின்மேல் நேராக உட்கார்ந்தது.

"வலிக்குதா?"

"இல்லம்மா."

"தெரியுதா?"

"தெரியுது."

அண்ணன் தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான். போதகர் நொண்டிக்கொண்டே பீடத்துக்கு ஏறினார். முதல் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தார்கள்.

"நீங்க சொல்லுங்க" என்றாள் கண்ணாடிக்காரி, முன்பெஞ்சில் அவன் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டு. "பாதியில விட்டுட்டீங்க."

அவன் பெட்டியின் பக்கம் குனிந்தான். பாட்டுச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் அவளுக்கு மட்டும் கேட்டது.

"அக்கா, உங்க பொண்ணு பக்கத்துலதான் நிக்கிறாங்க. சாம்பல் கலர் உடுப்பு. கண்ணாடியக் கழட்டிக் கையில வச்சிருக்காங்க."